நீச்சல் கூடத்தில் கண் எரிகிறதா? தண்ணீரின் சூட்டையும் கூடத்தின் காற்றையும் சேர்த்தே பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கிளப் ஹவுஸில், மூடிய கூடத்துக்குள் 15 மீட்டருக்கு 6 மீட்டர் நீச்சல் குளம், சராசரி ஆழம் 1.2 மீட்டர். காலையில் வரும் பெரியவர்கள் குளிர்கிறது என்று சொன்னதால் ஹீட் பம்பை 31 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். மாலையில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இருமலும் கண் எரிச்சலும். குளோரின் வாடை லிஃப்ட் வரை வருகிறது. மருந்து ஜாஸ்தி என்று பராமரிப்பு ஆட்கள் குளோரினைக் குறைத்தார்கள், வாடை கூடிவிட்டது. புழுக்கம் தாங்காமல் இரண்டு ஸ்பிளிட் ஏசி மாட்டினார்கள், இப்போது ஜிம்மை ஒட்டிய சுவரில் தண்ணீர் வடிகிறது. தண்ணீர் எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும், காற்றை எப்படிச் சரிசெய்வது?

மருந்தைக் குறைத்தது முதல் தவறு, ஏசி மாட்டியது இரண்டாவது. மூடிய கூடத்தில் தண்ணீரின் சூடு, தண்ணீரில் போடும் மருந்து, கூடத்தின் காற்று மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை. ஒன்றை மட்டும் தனியாகத் திருகினால் மற்ற இரண்டும் இடம் மாறிவிடும். திறந்தவெளிக் குளத்தில் பழகிய ஆபரேட்டர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

வாடையில் இருந்து தொடங்கலாம். சுத்தமான குளத்தில், சரியான அளவு குளோரின் இருந்தால், மூக்குக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. "குளோரின் வாடை" என்று நாம் சொல்வது குளோரமின்களின் வாடை. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள அம்மோனியா, யூரியா போன்றவற்றோடு குளோரின் சேர்ந்து மோனோ, டை, ட்ரை என்று படிப்படியாகக் குளோரமின்கள் உருவாகின்றன. ஆபத்தானது ட்ரைகுளோரமின். தண்ணீரில் தங்காமல் சட்டென்று காற்றுக்கு வந்துவிடும். கண், மூக்கு, தொண்டை எரிச்சல், இருமல், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு எல்லாம் இதன் வேலை. நீந்துகிறவர் மூச்சு இழுப்பது தண்ணீருக்கு ஒரு சாண் மேலே. அந்தக் காற்று அசையாமல் நின்றால், அவர் இழுப்பது கூடத்தின் சராசரிக் காற்றை அல்ல, அதைவிட மோசமானதை. அதனால்தான் கரையில் நிற்கும் பெற்றோருக்கு லேசான வாடையாகத் தெரிவது, நீந்தும் பிள்ளைக்கு இருமலாக வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2006ல் வெளியிட்ட வழிகாட்டி, உள்ளரங்கக் குளத்துக் காற்றில் இது கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று தற்காலிக வரம்பு வைத்தது. காற்றில் அதை அளக்க ஆய்வகம் வேண்டும். தண்ணீரில் அளப்பது எளிது, அதை நீங்களே செய்யலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் ஊர்ப் பம்ப் ரூம்களில் அதிகம் காணப்படுவது மஞ்சள் நிறம் காட்டும் ஆர்த்தோடோலிடின் கிட். ஐந்து சொட்டு விட்டால் மஞ்சள், மஞ்சள் அழுத்தமாக இருந்தால் குளோரின் நிறைய என்று பதிவேட்டில் எழுதுவார்கள். அந்த கிட் காட்டுவது மொத்தக் குளோரினை. கிருமியைக் கொல்லும் ஃப்ரீ குளோரினும், ஏற்கெனவே அழுக்கோடு ஒட்டிப்போன கம்பைண்ட் குளோரினும் அதில் சேர்ந்தே மஞ்சளாகத் தெரியும். உங்கள் குளத்தில் மஞ்சள் அழுத்தமாக இருந்திருக்கும், அதில் பாதிக்குமேல் கம்பைண்டாக இருந்திருக்கும், "ஜாஸ்தி" என்று மருந்தை நிறுத்தியிருப்பார்கள். ஃப்ரீ குளோரின் குறைந்ததும் குளோரமின்களை உடைக்க ஆளில்லாமல் போனது. வாடை கூடியதில் ஆச்சரியம் இல்லை.

ஃப்ரீயையும் கம்பைண்டையும் பிரித்துக் காட்டும் டி.பி.டி. கிட் வாங்குங்கள், முடிந்தால் நிறத்தைக் கண்ணால் ஒப்பிடாமல் எண்ணாகக் காட்டும் ஃபோட்டோமீட்டர் வகை. நீர் வரும் இன்லெட்டுக்கு அருகே எடுக்காமல், குளத்தின் நடுப்பக்கம் முழங்கை ஆழத்தில், சுமார் 30 சென்டிமீட்டர் கீழிருந்து மாதிரி எடுக்க வேண்டும். குழாயை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, 10 மில்லி எடுத்து, ஒன்றாம் எண் மாத்திரையைப் போட்டுக் கரைத்து உடனே படியுங்கள். வரும் இளஞ்சிவப்பு, ஃப்ரீ குளோரின். அதே குழாயில் மூன்றாம் எண் மாத்திரையைப் போட்டு இரண்டு நிமிடம் விட்டுப் படித்தால் மொத்தக் குளோரின். இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் கம்பைண்ட். மூன்றாம் மாத்திரையின் மிச்சம் குழாயில் ஒட்டியிருந்தால் அடுத்த சோதனையில் ஃப்ரீ குளோரின் பொய்யாக அதிகமாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் கழுவ வேண்டும், மாத்திரையை விரலால் தொடக்கூடாது. இன்னொன்று, குளோரின் 10 பி.பி.எம்.முக்கு (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) மேல் போனால் நிறமே வெளுத்துப்போய் 'குளோரின் இல்லை' என்று காட்டும். சூப்பர் குளோரினேஷன் (ஒரேயடியாக நிறையக் குளோரின் ஏற்றுவது, 'ஷாக்' என்பதும் இதுதான்) செய்த மறுநாள் காலையில் வெள்ளையாக வந்தால் இன்னும் மருந்து போடாதீர்கள். மாதிரியைக் குளோரின் இல்லாத தண்ணீரில் ஐந்து மடங்கு கலந்து மறுபடி பாருங்கள்.

எவ்வளவு இருக்க வேண்டும்? உள்ளரங்கக் குளத்துக்கு ஃப்ரீ குளோரின் 1 முதல் 2 பி.பி.எம்., கம்பைண்ட் 0.2க்குக் கீழே என்பது நல்ல இலக்கு. ஜெர்மானியத் தரமான டின் 19643 கேட்பதும் கம்பைண்ட் 0.2தான், அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் மாதிரி விதி 0.4ல் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. பி.எச்., அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு, 7.2 முதல் 7.4. பி.எச். 7.2ல் ஃப்ரீ குளோரினில் மூன்றில் இரண்டு பங்கு வேலைசெய்யும் வடிவத்தில் இருக்கும், 8ல் கால் பங்குதான். பி.எச். ஏறிய குளத்தில் போடுகிற மருந்தில் முக்கால்வாசி சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அதற்காக 7க்குக் கீழே இறக்கிவிடவும் கூடாது, ட்ரைகுளோரமின் அதிகம் உண்டாவது அங்கேதான்.

என்ன மருந்து போடுகிறார்கள் என்பதையும் கேட்டுப் பாருங்கள். டி.சி.சி.ஏ. 90 (ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம்) பொடியோ மாத்திரையோ என்றால் மாற்ற வேண்டும். அதனோடு சயனூரிக் அமிலமும் தண்ணீரில் சேரும், அதன் வேலை வெயிலில் இருந்து குளோரினைக் காப்பது. வெயிலே படாத கூடத்தில் அது பாரம்தான், குளோரினின் கையைக் கட்டிப்போடும். உங்கள் குளத்தில் 1,08,000 லிட்டர். ஒரு கிலோ டி.சி.சி.ஏ. போட்டால் சயனூரிக் அமிலம் 5 பி.பி.எம். ஏறும். தினம் கால் கிலோ என்றால் மாதத்துக்கு 38. ஆவியாகிப் போகாது, மருந்து போட்டும் நீக்க முடியாது, தண்ணீரை இறக்கி மாற்றுவது ஒன்றே வழி. உள்ளரங்கத்துக்குத் திரவ ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) அல்லது பொடியாக வரும் கால்சியம் ஹைப்போதான் சரி. நம் நிலத்தடி நீர் ஏற்கெனவே கடினம் என்பதால் என் தேர்வு திரவ ஹைப்போ. ஆனால் 10 சதவீதம் என்று எழுதிய கேன் சென்னை வெக்கையில் ஒரு மாதம் கிடந்தால் 6, 7க்கு இறங்கியிருக்கும். பெரிய கையிருப்பு வேண்டாம், நிழலான காற்றோட்டமான இடத்தில் வைத்து, வந்த தேதியைக் கேனில் எழுதிவையுங்கள்.

இப்போது இருக்கும் கம்பைண்டை இறக்க, பிரேக்பாயின்ட் வரை, அதாவது குளோரமின்கள் முழுதாக உடையும் அளவு வரை, குளோரின் ஏற்ற வேண்டும். கம்பைண்ட் எவ்வளவோ அதன் பத்து மடங்கு என்பது நடைமுறைக் கணக்கு. உங்கள் அளவு 0.8 வந்தது என்று வைத்துக்கொள்வோம். தேவை 8 பி.பி.எம்., 1,08,000 லிட்டருக்கு 864 கிராம் குளோரின். 10 சதவீத ஹைப்போவில் சுமார் 8.6 லிட்டர், 7 சதவீதமாக இறங்கிய கேனில் 12 லிட்டருக்கு மேல். முதலில் பி.எச்.சை 7.2 அளவுக்குக் கொண்டுவந்து, இரவு கடைசி ஆள் போனபிறகு, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, குளத்தைச் சுற்றிப் பிரித்து ஊற்ற வேண்டும். பாதியளவு போட்டு நிறுத்துவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. பிரேக்பாயின்ட்டைத் தாண்டாமல் நின்றால் வாடை முன்பைவிட மோசமாகும், "ஷாக் குடுத்துப் பார்த்தோம், வேலைக்காகல" என்ற புலம்பலில் பாதி இப்படி வந்ததுதான். இன்னொரு பிழை, கூடத்தைப் பூட்டிவிட்டுப் போவது. அன்று இரவு தண்ணீரில் இருந்து வாயு கொத்தாக வெளியேறும், எக்ஸாஸ்ட் முழு வேகத்தில் ஓட, வெளிக்காற்றுக் கதவுகள் திறந்திருக்க வேண்டும். குளத்தின் மேல் போர்வை போடக்கூடாது. ஃப்ரீ குளோரின் 3க்குக் கீழே இறங்கும்வரை யாரையும் இறக்காதீர்கள்.

ஒழுங்காகச் செய்தும் கம்பைண்ட் அசையவில்லை என்றால் யூரியாவும் கரிமக் கழிவும் தேங்கியிருக்கின்றன. அவை குளோரினுக்கு எளிதில் உடையாது. நான்காவது தடவை ஷாக் கொடுப்பதில் பயனில்லை, தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும். ஐரோப்பாவில் கணக்கு, ஓர் ஆளுக்கு 30 லிட்டர் புதுத் தண்ணீர். நாளைக்கு 60 பேர் என்றால் 1,800 லிட்டர், வாரத்துக்கு 12,600, அதாவது ஏறக்குறைய ஒரு 12,000 லிட்டர் டேங்கர் லாரி. அசோசியேஷன் கூட்டத்தில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள் என்பது தெரியும். ஆனால் ஃபில்டர் பேக்வாஷிலேயே (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவது) ஒரு பகுதி போய்விடும், மணிக்கு 25 கன மீட்டர் ஓட்டத்தில் ஐந்து நிமிடப் பேக்வாஷ் என்றால் 2,000 லிட்டர். வாரம் இரண்டு பேக்வாஷ், மீதியை, குளத்தில் இருந்து வழியும் நீர் சேரும் பேலன்சிங் டேங்கில் இருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. அந்தத் தண்ணீரைத் திறந்த தொட்டியில் ஓரிரு நாள் வைத்து, குளோரின் போனதைச் சோதித்துவிட்டுக் கழிப்பறை ஃபிளஷுக்கு விடலாம். குளோரினோடு மொத்தமாகக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டினால் அங்குள்ள பாக்டீரியா செத்துப்போகும். டேங்கர் தண்ணீரை நிரப்பும் முன் அதையும் சோதியுங்கள். அம்மோனியா உள்ள கிணற்று நீர் வந்தால், ஒருவரும் இறங்காமலே கம்பைண்ட் ஏறும்.

குளிக்காமல் இறங்குகிறவர்களைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், கூடத்தை வடிவமைக்கும்போது மறந்துவிடுவார்கள். ஒரு நிமிடம் ஷவரில் நின்றாலே உடம்பில் உள்ள அழுக்கில் பெரும்பகுதி போய்விடும். உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டி, ஓர் ஆள் சராசரியாக 25 முதல் 30 மில்லி சிறுநீரைக் குளத்தில் விடுவதாக வந்த மதிப்பீட்டைச் சொல்கிறது, அதற்கு இரு மடங்குக்கு மேல் சொன்ன மதிப்பீடும் உண்டு. ஷவர் குளத்துக்குப் போகும் வழியிலேயே இருக்க வேண்டும், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். மூலையில், குளிர்ந்த தண்ணீரோடு இருக்கும் ஷவரை யாரும் தொடமாட்டார்கள். பிள்ளைகளுக்கு முக்கால் மணிக்கு ஒரு முறை பயிற்சியாளரே விசிலடித்துக் கழிப்பறைக்கு அனுப்பட்டும். தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையோடு இறங்குவது நம் வீடுகளுக்கே உரிய பிரச்சினை. எண்ணெய் மணல் ஃபில்டரில் படிந்து மணலைக் கட்டியாக்கும், குளோரினையும் தின்னும். தொப்பி போட்டால் மட்டும் போதாது, ஷாம்பூ போட்டு அலசிவிட்டு வரச் சொல்லுங்கள்.

இனி தண்ணீரின் சூடு. நீச்சல் போட்டிகளுக்கு உலக நீச்சல் கூட்டமைப்பின் விதி 25 முதல் 28 டிகிரி. பொழுதுபோக்காக நீந்தும் பெரியவர்களுக்கு 28, 29. கற்றுக்கொள்ளும் சின்னப் பிள்ளைகளுக்கு 30 வரை, கைக்குழந்தைகளுக்கு 32, மூட்டுவலிச் சிகிச்சைக்கான குளத்துக்கு 33 முதல் 35. உங்கள் 31 இவற்றில் எதற்கும் சரியாகப் பொருந்தவில்லை. மாலைப் பயிற்சியில் வேகமாக நீந்தும் பிள்ளைக்கு அது அதிகம், உடம்புச் சூடு வெளியேற வழியில்லை. திறந்த நீர் நீச்சல் போட்டிகளுக்கே 31 டிகிரிதான் உச்ச வரம்பு. 2010ல் ஐக்கிய அரபு எமிரேட்ஸின் புஜைராவில் வெதுவெதுப்பான கடலில் நடந்த போட்டியில் அமெரிக்க வீரர் ஒருவர் இறந்தபிறகு அந்த விதி வந்தது. சூடான தண்ணீரில் வியர்வை கூடும், வியர்வை கூடினால் குளோரமின் கூடும், உண்டான குளோரமினும் வேகமாகக் காற்றுக்கு வரும்.

காலையில் ஒரு சூடு, மாலையில் வேறு சூடு என்று வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். முடியாது. 1,08,000 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 125 கிலோவாட் மணி வெப்பம் வேண்டும். 25 கிலோவாட் வெப்பம் தரும் ஹீட் பம்புக்கு, இழப்பு எதுவும் இல்லாமலே ஐந்து மணி நேரம். இறங்குவது அதைவிட மெதுவாக. ஒரே குளம் என்றால் ஒரே எண்தான்.

என் பரிந்துரை 28.5 முதல் 29. பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்களா? அவர்கள் எப்போது குளிர்கிறது என்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் தண்ணீருக்குள் இருக்கும்போது அல்ல, படியேறி வெளியே வந்து துண்டைத் தேடும் அந்த அரை நிமிடத்தில். ஈர உடம்பில் 24 டிகிரி ஏசிக் காற்று பட்டால் நடுங்காமல் என்ன செய்வார்கள்? அவர்களுக்குக் குறைவாக இருப்பது காற்றின் சூடு. கூடத்துக் காற்று தண்ணீரைவிட ஒன்று, இரண்டு டிகிரி அதிகமாக, 30 அளவில் இருக்க வேண்டும், ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம். இது உடுத்திக்கொண்டு கரையில் உட்காரும் பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் புழுக்கமாகத்தான் இருக்கும். ஏசி கேட்பதும் அவர்கள்தான். அவர்கள் உட்காரும் இடத்தைக் கண்ணாடித் தடுப்பால் பிரித்து அங்கே ஏசி போடுங்கள். குளத்தின் மேல் போடாதீர்கள்.

ஏசி ஏன் கூடாது என்பதைக் கணக்காகவே காட்டலாம். தண்ணீர் எவ்வளவு ஆவியாகிறது என்பது, தண்ணீர்ப் பரப்பின் ஆவியழுத்தத்துக்கும் காற்றிலுள்ள ஈரத்தின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 28, காற்று 29, ஈரப்பதம் 60 என்றால் அந்த வித்தியாசம் 1.4 கிலோபாஸ்கல். உங்கள் 90 சதுர மீட்டர் குளத்தில் சாதாரணக் கூட்டத்தில் மணிக்கு 12 லிட்டர், பிள்ளைகள் அடித்து நீந்தும்போது 18 லிட்டர் ஆவியாகும். தண்ணீரை மட்டும் 31 ஆக்கினால் வித்தியாசம் 2.1, ஆவியாவது ஒன்றரை மடங்கு. கூடவே காற்றை ஏசியால் 24 டிகிரிக்கு இறக்கினால் 2.7, ஆவியாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒவ்வொரு லிட்டரும் தண்ணீரில் இருந்து சுமார் 0.68 கிலோவாட் மணி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஹீட் பம்ப் தண்ணீரைச் சூடாக்குகிறது, தண்ணீர் ஆவியாகிறது, அந்த ஈரத்தை ஏசி பிழிகிறது, வெப்பத்தை வெளியே கொட்டுகிறது. இரண்டு மீட்டரும் எதிரும் புதிருமாக ஓடுகின்றன. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்று ஒரு பிடிகூட உள்ளே கொண்டுவராது, அதே குளோரமின் காற்றைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அதன் செம்பு, அலுமினியக் காயிலும் அரித்துப்போகும்.

ஜிம் சுவர் வியர்ப்பதும் இதன் தொடர்ச்சிதான். இரவில் ஏசியை நிறுத்தியதும் குளம் ஆவி விட்டுக்கொண்டே இருக்கிறது, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொடுகிறது. 29 டிகிரியில் 75 சதவீதம் என்றால், 24 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் படியும். சுவருக்கு அந்தப்பக்கம் 22 டிகிரியில் ஜிம். ஐரோப்பியப் புத்தகங்களில் வெளிக் கண்ணாடி வியர்ப்பதைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். சென்னையில் வெளிச்சுவர் சூடாக இருக்கும், ஏசி அறையை ஒட்டிய உள்சுவர்தான் வியர்க்கும். அந்தச் சுவரில் குளத்துப் பக்கம் ஈரம் புகாத தடுப்போடு வெப்பக் காப்பு வேண்டும்.

புத்தகங்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாத இன்னொரு இடம், "ஈரமா? ஜன்னலைத் திற, வெளிக்காற்றை விடு" என்ற அறிவுரை. பெங்களூரில் சனவரியில் அது பலிக்கும், அங்கே வெளிக்காற்றில் கிலோவுக்கு 10 கிராம் ஈரம், கூடத்தில் இருக்க வேண்டிய 15ஐவிடக் குறைவு. சென்னையில் மழைக்காலத்திலும் புழுக்கமான மாதங்களிலும் வெளிக்காற்றிலேயே கிலோவுக்கு 20 கிராம் ஈரம் இருக்கும். அமெரிக்க ஏசிப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் காற்றோட்டத் தரம் 62.1, குளமும் ஈரமான கரையும் சேர்ந்த பரப்பில் சதுர மீட்டருக்கு நொடிக்கு 2.4 லிட்டர் வெளிக்காற்று கேட்கிறது. குளம் 90, கரை 60 என்று வைத்தால் மணிக்கு 1,300 கன மீட்டர், நம் ஏசி ஆட்கள் கணக்கில் 760 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு கன அடி). இதைச் சும்மா விசிறியால் உள்ளே தள்ளினால் மணிக்கு 7 லிட்டருக்கு மேல் தண்ணீரையும் சேர்த்து உள்ளே கொட்டுகிறீர்கள். வெளிக்காற்று குளோரமினைக் கரைக்கும், ஈரத்தைக் கூட்டும். ஆகவே நம் கடற்கரை ஊர்களில் வெளிக்காற்றை முதலில் ஒரு குளிர்காயிலில் பிழிந்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். டி.எஃப்.ஏ. (ட்ரீட்டட் ஃப்ரெஷ் ஏர்) யூனிட் என்று கேட்டால் கொடுப்பார்கள். 760 சி.எஃப்.எம். காற்றை 14 டிகிரிக்கு இறக்க சுமார் ஐந்தரை டன் கொள்ளளவு வேண்டும். இறக்கிய காற்றை அப்படியே ஊதினால் மறுபடி பெரியவர்கள் நடுங்குவார்கள், கம்ப்ரஸரின் கழிவு வெப்பத்தாலேயே அதை 28, 30க்கு ஏற்றி விட வேண்டும். 14 டிகிரியில் பிழிந்த அந்தக் காற்று கூடத்தில் இருந்து மணிக்கு 7 லிட்டர் ஈரத்தை உறிஞ்சும், மீதியை எடுக்க, காற்றில் இருந்து ஈரத்தைப் பிழியும் தனி டீஹியுமிடிஃபையர் தேவைப்படும். எடுத்த வெப்பத்தைக் குளத்துத் தண்ணீருக்கே திருப்பும் வகை கிடைத்தால் ஹீட் பம்பின் வேலையும் குறையும். எல்லாக் காயில்களும் எப்பாக்ஸி பூச்சோடு இருக்கட்டும்.

காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்பது அளவைவிட முக்கியம். பல கூடங்களில் எக்ஸாஸ்ட் விசிறி கூரைக்கு அருகே இருக்கும். அது நல்ல காற்றைத்தான் உறிஞ்சும், குளோரமின் தண்ணீர் மட்டத்தில் அப்படியே கிடக்கும். எக்ஸாஸ்ட் கரை மட்டத்தில், ஓவர்ஃப்ளோ கால்வாய்க்கு அருகே வேண்டும், வரும் காற்று எதிர்ப்பக்கத்தில் இருந்து. சோதிக்க ஓர் ஊதுபத்தி போதும். கூடம் காலியாக இருக்கும்போது, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பிடித்துப் புகையைப் பாருங்கள். நேராக மேலே எழுந்து அங்கேயே தொங்கினால் காற்று செத்துக் கிடக்கிறது. ஒரு பக்கமாக மெதுவாகச் சாய்ந்து நகர்ந்தால் சரி. சிதறி அடித்தால் காற்று அதிகம், ஆவியாவது கூடும், நொடிக்கு 0.15 மீட்டரைத் தாண்ட விடாதீர்கள். பம்ப் ரூமில், மருந்து வைத்த இடத்தில் ஊதுபத்தியை மட்டும் கொண்டுபோகாதீர்கள். எக்ஸாஸ்ட் வரும் காற்றைவிட 10 சதவீதம் அதிகமாக இருந்தால் கூடம் லேசாக உறிஞ்சும் நிலையில் இருக்கும், வாடை லிஃப்ட் பக்கம் போகாது. கதவை ஒரு விரல் அளவு திறந்து இடுக்கில் அதே ஊதுபத்தியைக் காட்டினால் புகை கூடத்துக்குள் போக வேண்டும். விசிறிகளை இரவில் நிறுத்தாதீர்கள், வேகத்தைக் குறைக்கலாம்.

கூடத்தில் ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அதைத் தாங்கும் கம்பிகளை ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல், துருப்பிடிக்காது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். 1985ல் சுவிட்சர்லாந்தின் உஸ்டர் ஊரில் நீச்சல் கூடத்தின் தொங்கு கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். தாங்கிய ஸ்டெய்ன்லெஸ் கம்பிகள் குளத்துக் காற்றின் குளோரைடால் உள்ளுக்குள் விரிசல் விட்டிருந்தன. வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது.

பம்ப் ரூமில் இன்னொரு விஷயம். பேக்வாஷுக்கு வால்வு மாற்றும்போது பம்ப் நின்றிருக்க, ஹைப்போவையும் ஆசிட்டையும் குழாயில் செலுத்தும் டோசிங் பம்புகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டும் குழாயில் கலந்து குளோரின் வாயு உருவாகும். பம்பைப் போட்டதும் இன்லெட் வழியாக அது பிள்ளைகளின் முகத்துக்கு நேரே வரும். தண்ணீர் ஓட்டம் நின்றால் டோசிங் தானாக நிற்கும் ஃப்ளோ ஸ்விட்ச் கட்டாயம். டி.சி.சி.ஏ. எடுத்த கரண்டியை ஹைப்போப் பொடியில் விடக்கூடாது, கலந்தால் தீப்பிடிக்கும்.

எதை முதலில் செய்வது? நாளைக்கே டி.பி.டி. கிட் வாங்கி, கம்பைண்ட் எவ்வளவு என்று எழுதிவையுங்கள். ஹீட் பம்பை 29க்கு இறக்குங்கள், தானாக இறங்க இரண்டு மூன்று நாளாகும். குளத்துக்கு மேலுள்ள ஏசியை உபயோக நேரத்தில் 28, 29க்கு ஏற்றி வையுங்கள், டி.எஃப்.ஏ. வரும்வரை அதைக் கழற்ற வேண்டியதில்லை. வார இறுதியில் இரவு பிரேக்பாயின்ட், தொடர்ந்து தினம் 1,800 லிட்டர் மாற்றம். கரை மட்ட எக்ஸாஸ்ட் ஓரிரு வாரத்தில் செய்துவிடலாம். டி.எஃப்.ஏ.வுக்குப் பணம் திரட்ட நேரமாகும். மூன்று வாரத்தில் கம்பைண்ட் 0.4க்குக் கீழே வரவில்லை என்றால் மட்டும் மீடியம் பிரஷர் யூ.வி. (புற ஊதா) விளக்கைப் பற்றி யோசியுங்கள், குளோரமினை உடைக்க சதுர சென்டிமீட்டருக்கு 60 மில்லிஜூல் அளவு தரும் வகை. கடினமான நம் தண்ணீரில் அதன் குவார்ட்ஸ் உறையில் உப்புப் படியும், துடைப்பான் உள்ளதாகக் கேளுங்கள்.

இரவில் குளத்தின் மேல் போர்வை போட்டால் பத்து மணி நேரத்தில் 80 கிலோவாட் மணி வெப்பம் வரை மிச்சமாகும். ஆனால் போர்வைக்குக் கீழே குளோரமின் சேர்ந்திருக்கும். காலை ஐந்தரைக்குப் பெரியவர்கள் வருகிறார்கள் என்றால், ஐந்து மணிக்கே ஆபரேட்டர் வந்து போர்வையைச் சுருட்டி, எக்ஸாஸ்ட்டை முழு வேகத்துக்கு ஏற்றிவிட வேண்டும்.